"என்னை யாருன்னு தெரியுதா?"

கல்யாண மண்டப வாசல். சந்தனமும் கல்கண்டும் வைத்திருக்கும் மேஜையைத் தாண்டி நாலு அடி வைத்திருக்க மாட்டோம். பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா குனிந்து நம் பிள்ளையின் தாடையைப் பிடித்து நிமிர்த்துகிறார். "என்னை யாருன்னு தெரியுதா? சொல்லு பார்ப்போம்!" பிள்ளை அவரைப் பார்க்கிறது, நம்மைப் பார்க்கிறது, மறுபடி அவரைப் பார்க்கிறது. நாம் பக்கத்தில் நின்றுகொண்டு, "சொல்லுடா, போன வருஷம் ஊருக்குப் போனப்ப உனக்கு முறுக்கு சுட்டுக் குடுத்தாங்களே" என்று துப்புக் கொடுக்கிறோம். பிள்ளை விழிக்கிறது. அந்த அம்மாவின் முகம் சுருங்குகிறது. "விடு, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குச் சொந்தபந்தம் எங்க தெரியுது" என்கிறார். அவ்வளவுதான், நமக்கு மானம் போய்விடுகிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் திட்டு. "பெரியவங்களை மதிக்கத் தெரியல. அவ்வளவு திமிர்."

பெற்றோர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அந்தப் பிள்ளை செய்த தப்பு என்ன?

நானும் இதைச் செய்தவள். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு கேட்கிறேன். என் மகன் இரண்டாம் வகுப்பு படித்தபோது தினமும் நான்தான் ஸ்கூட்டியில் போய் அழைத்து வருவேன். மஞ்சள் ஹெல்மெட் போட்டிருப்பேன். ஒருநாள் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்ததால் ஆட்டோவில் போனேன். எப்போதும் இறுக்கிக் கொண்டை போடுகிறவள், அன்று தலைக்குக் குளித்து முடியை விரித்து விட்டிருந்தேன். கேட்டுக்கு நேர் எதிரே பத்தடியில் நின்று கையாட்டுகிறேன். அவன் கண் என்மேல் பட்டது, நகர்ந்தது, எனக்குப் பின்னால் நின்ற வண்டிகளைத் தேடிப் போனது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். குரல் கேட்டதும்தான் அந்த முகம் மலர்ந்தது. ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான். நானோ அத்தனை பேர் முன்னாலும், "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? பெத்த அம்மாவையே தெரியலையா?" என்று கத்தினேன். "மஞ்சள் ஹெல்மெட்டக் காணோம்மா" என்றான். சாக்கு சொல்கிறான் என்று நினைத்தேன்.

அது சாக்கு இல்லை என்று எனக்குப் புரிய நாலு வருஷம் ஆனது. என் மாமனாரின் அறுபதாம் கல்யாண ஆல்பம் வந்திருந்தது. மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு படமாக, இது யார், இது யார் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் எடுத்த படத்தில், "பச்சைப் புடவை பெரியம்மா" என்றான். சரிதான். பத்துப் பக்கம் தள்ளி அதே பெரியம்மா ஊதாச் சேலையில் நிற்கிறார். "தெரியல. மண்டபத்துக்காரங்களா?" என்றான். எனக்குள் ஏதோ இடறியது. அடுத்தது பேரப்பிள்ளைகள் படம். ஏழு பையன்கள், எல்லாருக்கும் பட்டு வேட்டி, சந்தன நிறச் சட்டை, ஒரே மாதிரி தலை வாரல். அவன் விரல் ஒவ்வொரு முகமாக நகர்ந்தது. கடைசி வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து வந்தது. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டான்: "இதுல நான் எங்கம்மா?"

கண் மருத்துவரிடம் போனோம். பார்வையில் குறை ஒன்றும் இல்லை. அவர் சொல்லித்தான் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். முடியும் காதும் தெரியாதபடி முகம் மட்டும் வெட்டி எடுத்த படங்களைக் காட்டிச் சோதித்துவிட்டு அவர் ஒரு பெயரைச் சொன்னார். புரோசோபக்னோசியா. முகம் அறியாமை என்று நம் மொழியில் சொல்லலாம்.

இந்தப் பெயரை வைத்தவர் யோவாகிம் போடாமர் என்ற ஜெர்மன் நரம்பியல் மருத்துவர். 1947ல், போரில் தலையில் அடிபட்டவர்களைப் பற்றி எழுதியபோது வைத்தார். அதில் ஒருவர் 24 வயது இளைஞர், தலையில் குண்டுக் காயம். கண் தெரிகிறது. ஆனால் சொந்த பந்தம், நண்பர்கள் எவர் முகமும் பிடிபடவில்லை. கண்ணாடியில் தன் முகமே பிடிபடவில்லை. குரலைக் கேட்டால் கண்டுபிடிப்பார், நடையைப் பார்த்தால் கண்டுபிடிப்பார். அடிபட்டால்தான் இப்படி ஆகும் என்றுதான் மருத்துவ உலகமும் வெகுகாலம் நினைத்திருந்தது. எந்த அடியும் படாமல், சின்ன வயதிலிருந்தே இப்படி இருக்கும் 12 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றிய குறிப்பு 1976ல்தான் வந்தது. நல்ல புத்திசாலிப் பெண். அவள் அம்மாவுக்கும் அதே சிரமம் இருந்திருக்கிறது.

அது அபூர்வக் குறை, நமக்கெதற்கு என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் மியூன்ஸ்டர் நகரில் 689 மாணவர்களிடம் விசாரித்து ஆராய்ந்ததில் 17 பேருக்கு இது இருந்தது. 2006ல் வெளியான ஆய்வு அது. நூற்றுக்கு இரண்டரைப் பேர் என்று ஆகிறது. நம் ஊர் வகுப்பறையில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். அசமந்தம். ஊமைக் கோட்டான். மனுஷாளோடு ஒட்டாதவள். தலைக்கனம்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: குடும்பத்தை விசாரிக்க முடிந்த இடங்களில் எல்லாம் வேறு உறவினருக்கும் அந்தச் சிரமம் இருந்தது. இதைப் படித்தபோது என் கணவரை நினைத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் எனக்காகக் காத்திருந்தவர், நான் இறங்கி எதிரே வரும்போது என்னைத் தாண்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். அன்று நான் அழுதேன். ஊரில் அவருக்கு, 'படிச்ச திமிரு, கண்டும் காணாத மாதிரி போவான்' என்று பெயர். இத்தனை வருஷமும் அந்தப் பழியை அவர் வாய் திறக்காமல் சுமந்திருக்கிறார். மகனுக்கு மருத்துவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான், "எனக்கும் அப்படித்தான். எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றார்.

அதுதான் இதில் கொடுமையான விஷயம். பிறவியிலேயே இப்படி இருக்கிறவருக்குத் தனக்கு ஒன்று குறைகிறது என்பதே பெரும்பாலும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கண் அவரிடம் இல்லையே. ஆலிவர் சாக்ஸ் பெரிய நரம்பியல் மருத்துவர். மூளையின் விசித்திரங்களைப் பற்றி உலகமே படிக்கும்படி எழுதியவர். அவருக்கும் அவர் அண்ணனுக்கும் இந்தக் குறை இருந்தது. தன் மனநல மருத்துவரிடம் பேசிவிட்டு வெளியே வந்த ஐந்தாவது நிமிடத்தில், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவரே எதிரே வந்து வணக்கம் சொன்னபோது யாரென்று தெரியவில்லை என்று சாக்ஸ் 2010ல் எழுதினார். சிம்பன்சிகளோடு காட்டில் வாழ்ந்து ஆராய்ந்த ஜேன் குடால் தனக்கும் முகங்கள் நினைவில் நிற்பதில்லை என்று சொன்னவர்தான். இவர்களை மரியாதை தெரியாதவர்கள் என்பீர்களா?

நமக்கு மட்டும் எப்படி முகங்கள் ஒட்டிக்கொள்கின்றன? கண், மூக்கு, வாய் என்று நாம் தனித்தனியாகப் படிப்பதில்லை. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிகளோடு சேர்த்து, முழு முகத்தையும் ஒரே வீச்சில் வாங்கிக்கொள்கிறோம். படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் இது தடுமாறிவிடும். வீடு, விமானம் போன்றவற்றைத் தலைகீழாகக் காட்டினால் ஓரளவுதான் சிரமம்; முகத்தைத் தலைகீழாகக் காட்டினால் சிரமம் பல மடங்கு என்று ராபர்ட் யின் 1969லேயே காட்டினார். முகம் கண்டால் மற்ற எதைக் கண்டதையும்விட அதிகமாகத் துடிக்கும் ஒரு பகுதி, மூளையின் அடிப்பக்கத்தில், பெரும்பாலும் வலது பாதியில் இருப்பதை நான்சி கான்விஷரும் உடன் இருந்தவர்களும் 1997ல் படம் பிடித்துக் காட்டினார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அந்த முழுமை கூடி வருவதில்லை. ஒரு கூடை எலுமிச்சம்பழத்தைக் கொட்டி, நேற்று உங்கள் கையில் இருந்த பழம் எது என்று கேட்டால் என்ன செய்வீர்கள்? மஞ்சள் தெரிகிறது, காம்பு தெரிகிறது, தோலில் உள்ள புள்ளிகூடத் தெரிகிறது. எது என்றுதான் தெரியவில்லை. உங்களைப் பார்த்து யாராவது, "பழத்தை மதிக்கத் தெரியல" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

சரி, என் பிள்ளைக்கு அந்தக் குறை இல்லை என்று பக்கத்தைத் திருப்பப் பார்க்கிறீர்களா? நில்லுங்கள். உங்களுக்கும் சொல்ல இருக்கிறது.

பழனிக்கோ திருப்பதிக்கோ போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த அப்பாவைக் கண்டு கைக்குழந்தை வீறிட்டு அழுவதைப் பார்த்திருப்பீர்கள். எல்லாரும் சிரிப்போம். அந்தக் குழந்தைக்கு முகம் என்பதில் முடியும் சேர்த்தி. பிரான்ஸில் ஆய்வாளர்கள் பிறந்து நாலே நாளான குழந்தைகளுக்குத் தாயையும் இன்னொரு பெண்ணையும் காட்டினார்கள். குழந்தைகள் தாயைத்தான் அதிக நேரம் பார்த்தன. பிறகு இரண்டு பெண்களும் முடியின் விளிம்பு தெரியாமல் தலையில் துணி சுற்றிக்கொண்டார்கள். குழந்தைகளால் தாயைப் பிரித்தறிய முடியவில்லை. இது 1995ல் வந்த ஆய்வு. பிள்ளை கொஞ்சம் வளர்ந்தாலும் இந்த வழக்கம் உடனே போய்விடுவதில்லை. அமெரிக்காவில் சூசன் கேரியும் ரியா டைமண்டும் 1977ல் காட்டியது, ஆறு வயதும் எட்டு வயதுமான பிள்ளைகள் தொப்பியும் உடையும் மாறினால் ஆளை மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள் என்பது. பத்து வயதுப் பிள்ளைகள் அந்த அளவுக்கு ஏமாறவில்லை. புதிய முகத்தை மனதில் இருத்தும் திறன் முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் உச்சத்துக்கு வருகிறது என்று 2011ல் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்த ஆய்வு சொல்கிறது. யோசியுங்கள். முப்பதைத் தாண்டிய நீங்கள், உங்கள் திறன் உச்சத்தில் இருக்கும்போது, ஆறு வயதுப் பிள்ளையை நிற்க வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கும் ஒருவரை வேறு புடவையில், வேறு ஊரில், ஐம்பது பேர் கூட்டத்தில் கண்டுபிடிக்கச் சொல்கிறீர்கள்.

நீங்கள்தான் அப்படியொன்றும் கெட்டிக்காரர்களா? பிரிட்டனில் ஒரு சோதனை செய்தார்கள். 40 புகைப்படங்களைக் கலைத்துக் கொடுத்து, ஒரே ஆளின் படங்களை ஒன்றாக அடுக்கச் சொன்னார்கள். பெரியவர்கள் சராசரியாக ஏழெட்டு அடுக்கு வைத்தார்கள். உண்மையில் அதில் இருந்தது இரண்டே பெண்கள், நெதர்லாந்தில் பிரபலமானவர்கள். அவர்களைத் தெரிந்த நெதர்லாந்துக்காரர்களோ சிரமமில்லாமல் இரண்டே அடுக்காக வைத்தார்கள். பழகிய முகத்துக்கும் பழகாத முகத்துக்கும் அவ்வளவு தூரம். பெரியப்பா மகள் உங்களுக்குப் பழகிய முகம். முப்பது வருஷம் சேர்ந்து வளர்ந்தவர். உங்கள் பிள்ளைக்கு அவர் அந்த நாற்பது படத்தில் ஒன்று.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலு தடவை திட்டு வாங்கிய பிள்ளை ஐந்தாவது தடவை என்ன செய்யும்? தலையாட்டும். "தெரியுதா?" "ம்ம், தெரியுது." சிரிக்கும். அந்த அம்மா மகிழ்ந்து போவார், நமக்கும் பெருமையாக இருக்கும், பிள்ளை தப்பித்துக்கொள்ளும். என் மகனிடம் பின்னால் ஒருநாள் கேட்டேன், மண்டபத்தில் எத்தனை பேரை உண்மையிலேயே தெரிந்தது என்று. "யாரையும் தெரியாதும்மா. சிரிச்சா விட்டுருவாங்க" என்றான். பத்து வயதுக்குள் அவன் கற்றுக்கொண்ட தந்திரம் அது. கற்றுக்கொடுத்தது நான்.

இப்போது அதே பிள்ளையைப் பள்ளி வாசலில் நிறுத்துங்கள். பைக்கில் ஒருவன் வருகிறான். "என்னடா, என்னைத் தெரியலையா? அப்பா ஃப்ரெண்ட்டுடா. உங்க வீட்டுக்குக்கூட வந்திருக்கேனே" என்கிறான். மண்டபத்தில் சொந்தக்காரர்கள் பேசும் அதே வார்த்தைகள், அதே உரிமை. தெரியாது என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று நாம்தான் வருஷக்கணக்கில் பழக்கி வைத்திருக்கிறோம். பிள்ளை தலையாட்டும். சிரிக்கும். ஏறிக்கொள்ளும்.

"தெரியாதவங்களோட போகாதே" என்று தினமும் சொல்கிறோம். தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று சொல்லும் தைரியத்தை மட்டும் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடுகிறோம். உங்கள் பிள்ளைக்கு முகம் நன்றாகவே நினைவில் நின்றாலும் இந்த ஆபத்து இருக்கிறது. என் மகனைப் போன்ற பிள்ளைக்கு அது இரண்டு மடங்கு.

ஆகவே தயவு செய்து, மரியாதையையும் ஞாபகத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள். மரியாதை கற்றுக்கொடுங்கள், நன்றாகக் கற்றுக்கொடுங்கள். யாராக இருந்தாலும் கை கூப்பி வணக்கம் சொல்லட்டும். அதற்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கூடவே இன்னொரு வாக்கியத்தையும் பழக்குங்கள்: "எனக்கு ஞாபகம் இல்ல, நீங்க யாருன்னு சொல்றீங்களா?" எங்கள் வீட்டில் இதை நாங்கள் ஒத்திகையே பார்த்தோம். முதல் தடவை ஒரு கிரகப்பிரவேசத்தில் அவன் இதைச் சொன்னபோது என் சித்தப்பா ஒரு நொடி திகைத்து, பிறகு உட்கார்ந்து, தான் யார், தன் அப்பா யார், தாத்தாவோடு எந்த வயலில் கிணறு வெட்டினார் என்பது வரை அவனுக்குச் சொன்னார். அரைமணி நேரம் பேசினார்கள். இன்றைக்கும் அவர் குரல் போனில் கேட்டால், "கிணறு வெட்டின தாத்தா" என்று கண்டுபிடித்துவிடுகிறான்.

உங்கள் பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆளை உடையாலும் முடியாலும் மட்டுமே சொல்கிறதா, இடம் மாறிப் பார்த்தால் தினமும் பார்க்கும் ஆளையே தெரியாமல் போகிறதா, சினிமா பார்க்கும்போது, "இவன்தானே முன்னாடி செத்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறதா, சீருடை போட்ட கூட்டத்தில் நண்பனைத் தேடாமல் ஓரமாக நிற்கிறதா? ஒன்றிரண்டு தடவை நடந்தால் பயப்பட வேண்டாம், எல்லாப் பிள்ளைகளிடமும் உண்டு. வருஷக்கணக்கில் தொடர்ந்தால் முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், பிறகு நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாகவே பெயர் சூட்டிவிடாதீர்கள். இதைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் தன்னிடம் என்ன குறைகிறது என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்குப் பாதிச் சுமை இறங்கிவிடுகிறது. குரலையும் நடையையும் பிடித்துக்கொண்டு வழி தேடிக்கொள்கிறது.

வகுப்பு ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். "இந்த நோட்டைக் கொண்டுபோய் அந்த அக்காகிட்ட குடு" என்று அனுப்பாமல், எந்த வகுப்பு, எந்த பெஞ்ச் என்று சொல்லி அனுப்பட்டும். கூட்டத்துக்குப் போகும் நாளில், "அம்மா இன்னைக்குச் சிவப்புச் சேலை, இந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் இருப்பேன்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள். முடி வெட்டிக்கொண்டாலோ கண்ணாடி மாற்றினாலோ முதலில் பிள்ளையிடம் காட்டுங்கள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். யார் அழைத்துப் போக வந்தாலும் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் போக வேண்டும். எங்கள் வீட்டில் அது ஒரு பலகாரத்தின் பெயர். இதுவரை இரண்டு தடவை உதவியிருக்கிறது.

அடுத்த முகூர்த்தம் வருகிறது. வாசலில் யாராவது குனிந்து உங்கள் பிள்ளையின் தாடையைப் பிடித்தால், துப்புக் கொடுத்துக்கொண்டு நிற்காமல், "இவங்க உன் தாத்தாவோட தங்கச்சி மக, உனக்கு அத்தை முறை" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். குனிகிறவர் நீங்களாக இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், முறையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பிள்ளையின் கன்னத்தைத் தொடுங்கள்.